தலை கிள்ளிய நெத்தலி

அன்புள்ள மகனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் அத்தனை சத்தமாக அழ முடிந்தவனுக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. இங்கே நாங்களும் சுகம். ரத்தோட்டைக்கு மேலே வழக்கம்போல மழை, வழக்கம்போல அட்டைக்கடி. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கிவிட்டால் லயத்து வரிசை வீட்டு வாசலில் நிற்கிற ஆளையே தெரிவதில்லை. உனக்கு அதெல்லாம் மறந்திருக்கும், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டிருப்பாய். அடுத்த மாதம் திருகோணமலையில் உனக்குக் கல்யாணம். அதற்குள் அம்மாவை மாத்தளையில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, தெளிய வைத்து, மணவறைக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்பது உன் உத்தரவு. "பெத்த தாய் யாரு பேசுறதுன்னு கேக்குறாங்கப்பா. கல்யாணத்தன்னைக்கி சபையில வச்சு என்னயத் தெரியலன்னு சொல்லிட்டாங்கன்னா நான் என்னாப்பா செய்வேன்" என்று அழுதாய். அழும்போது உனக்கு நம் பேச்சு திரும்பி வந்திருந்ததைக் கவனித்தேன். எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். இதோ எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்கு எழுதும் தகப்பன்கள் நாலு புத்திமதி சொல்லி, நடுவில் தாங்கள் செய்த தவறுகளையும் ஒப்புக்கொண்டு, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிப்பார்கள். லயத்தில் பாதிப் பேருக்கு நான்தான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த வாய்ப்பாடெல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. எனக்கு உன் மேல் கோபம். ஆற விட்டால் குறையும் என்று பார்த்தேன், ஆறின சோறு மாதிரி இறுகித்தான் போனது. இந்தக் கவரை நான் ஒட்டப் போவதுமில்லை. நீ இப்போது தங்கியிருப்பது பெண் வீட்டார் பார்த்துக் கொடுத்த அறை. தபால் அவர்கள் கைக்குத்தான் முதலில் போகும். உன் மாமியார் இதை வாசிக்க விரும்பினால் கவரைக் கிழிக்கிற சிரமம் அவர்களுக்கு வேண்டாம்.

முதலில் உன் மீனைப் பற்றிப் பேசுவோம். நீ படித்து, பட்டம் வாங்கி, இப்போது கடலோரத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்கிற நெத்தலி, நம் வீட்டுக்கு எப்போதும் கருவாடாகத்தான் வந்தது. ரத்தோட்டைச் சந்தையில் வாங்கி, கடதாசியில் சுற்றி, கொழுந்துக் கூடையின் அடியில் போட்டுக்கொண்டு அம்மா மலையேறி வருவாள். வாசலில் சுளகை வைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிப் போடுவாள். "தலையில மண்ணும் கசப்பும்தான்டா சாமி, ஒடம்பத் தின்னா போதும்" என்பாள். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற அதே பெருவிரலும் அதே சுட்டுவிரலும். பேசிக்கொண்டே கிள்ளுவாள், அவள் கண் சுளகைப் பார்க்காது. நீ தலைகளைப் பொறுக்கிப் பூனைக்குப் போடுவாய். ஒருநாள் நீ, இது என்ன மீனின் குட்டி என்று கேட்டாய். தோட்டத்தில் எல்லாரும் நம்பியதைத்தான் அவளும் சொன்னாள். "பெரிய பெரிய மீனோட புள்ளைங்க. வளர விடாமப் புடிச்சுப்புட்டாங்க." கடலைக் கண்ணால் காணாத சனம் வேறு எப்படி நினைக்கும்? வலைக்காரன் பாரையின் பிள்ளையையும் சூரையின் பிள்ளையையும் வழித்து அள்ளிக் காயப்போட்டு நமக்கு விற்கிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நீ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஒரு விடுமுறைக்குக் கண்ணாடிப் போத்தலில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு நெத்தலியைக் கொண்டுவந்தாய். முருகன் படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாய். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போத்தலை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விலாவில் தலையிலிருந்து வால் வரை ஒரு வெள்ளிக் கோடு. "இம்புட்டு அழகா இது" என்றாள். "இது குட்டி இல்லம்மா. இதுவே கெழவன். விரல் நீளம்தான் இதோட வளத்தி. ஒரு வருசம் உசுரோட இருந்தாப் பெரிய விசயம்" என்றாய் நீ. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பாடா. இத்தன வருசமாப் புள்ளைங்களத் தின்னுக்கிட்டு இருக்கோமேன்னு இருந்துச்சுடா" என்றாள். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் மனதில் இருந்த ஒரு பாரத்தை அன்று நீ இறக்கி வைத்தாய். உன் படிப்பால் அவளுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த விடுமுறை முழுக்க நீ நெத்தலிக் கதைதான் சொன்னாய். எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன், தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள். இது ஆழ்கடலுக்குப் போகாத மீன். கரையோரம், குடா, ஆறு வந்து கலக்கிற கலங்கல் தண்ணீர், இவைதான் அதற்கு ஊர். வாயை அகலத் திறந்துகொண்டே நீந்தும். செவுளில் சீப்புப் பல் மாதிரி இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் சிக்குமாம், அதுதான் சாப்பாடு. உயிரோடு இருக்கும்போது உடம்பு இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். அந்த வெள்ளிக் கோடு கண்ணாடி. சுற்றியிருக்கிற தண்ணீர் என்ன நிறமோ அதையே திருப்பிக் காட்டும். அதனால் தின்ன வருகிற மீனுக்கு அங்கே தண்ணீர் மட்டும் தெரியும், நெத்தலி தெரியாது. காது மகா கூர்மை, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து காது வரைக்கும் தொடுப்பு உண்டு. கையால் தொட்டால் செதில் கொட்டிவிடும், பிறகு பிழைக்காது. இதையெல்லாம் நீ சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, தோட்டத்தில் பட்ட கஷ்டமெல்லாம் வீண்போகவில்லை என்று நினைத்தேன். நான் எத்தனை பெரிய மடையன் பார்.

கூட்டத்தைப் பற்றியும் சொன்னாய். அதற்குத் தலைவன் கிடையாது. பக்கத்தில் இருப்பது திரும்பினால் இதுவும் திரும்பும். பாரையோ சீலாவோ துரத்தினால் எல்லாம் உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். பார்க்கிறவர்கள் ஒற்றுமை என்பார்கள், ஆனால் ஒவ்வொன்றும் இன்னொன்றின் முதுகுக்குப் பின்னால் ஒளியத்தான் உள்ளே நெருக்குகிறது, ஓரத்தில் அகப்பட்டது போய்விடும் என்றாய். உங்கள் பரிசோதனைத் தொட்டியில் ஒரே ஒரு நெத்தலியைத் தனியாக விட்டீர்களாம். அது கண்ணாடியில் தெரிந்த தன் நிழலைத் துணை என்று எண்ணி, அதோடு ஒட்டி ஒட்டி நீந்தி, மூக்குடைந்து செத்ததாம். நீ அதைப் பகிடியாகச் சொன்னாய். அம்மா மட்டும், ஏன்டா தனியாப் போட்டீங்க என்று கேட்டாள்.

கடைசியாக முட்டைக் கதை. நெத்தலி கூடு கட்டாது, காவல் இருக்காது. முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். சில வேளை வாயைத் திறந்துகொண்டு போகும்போது தன் கூட்டத்தின் முட்டையையே, தன் முட்டையையே, சேர்த்து விழுங்கிவிடும் என்றாய். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "தெரிஞ்சு திங்குதா, தெரியாமத் திங்குதா?" என்று கேட்டாள். "அதுக்கு அடையாளம் தெரியாதும்மா. வாயில வாறதத் திங்கும்" என்றாய். அவள், "அடையாளம் தெரியாட்டி பாவமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி அடுப்பை ஊதினாள். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இனி சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் முதல் தடவை வந்த நாள். திருகோணமலை பஸ் நிலையத்தில் நீ எங்களைக் கூட்டிப்போக வந்தாய். அம்மாவின் செருப்பைப் பார்த்தாய், என் குடையைப் பார்த்தாய். பிறகு ஓரமாக நிறுத்தி, "அப்பா, நமக்கு மாத்தளை டவுன்ல வாசனச் சரக்குக் கடை இருக்குன்னு சொல்லியிருக்கேன். ஊரு எதுன்னு கேட்டா மாத்தளைன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு மேல தோட்டம், டிவிசன்னு ஒன்னும் சொல்லிறாதீங்க. அம்மா ஒன்னும் பேசாம இருந்தாப் போதும்" என்றாய். நான் சரி என்றேன். நீ எந்தத் தண்ணீரில் நீந்துகிறாயோ அந்த நிறத்தைக் காட்டத்தானே வேண்டும். உன் மாமனார் மூன்று படகு வைத்திருக்கும் மனிதர், மிளகு விலை கேட்டார். மிளகுக் கொடியில் ஏணி சாத்தி ஏறினவன் நான், விலை என்ன, கொடிக்கு வரும் நோயைக்கூடச் சொன்னேன். அசல் முதலாளி மாதிரி இருந்திருப்பேன். நீ நிம்மதியாக மூச்சுவிட்டதைப் பார்த்தேன்.

பிறகு சாப்பாடு. மாப்பிள்ளை ஆராய்கிற மீன் என்று செல்லமாகச் சொல்லி, அன்று காலை கரைவலையில் வந்த பச்சை நெத்தலியை முழுசாக மஞ்சள் உப்புப் போட்டு மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்தார்கள். எல்லாரும் வாயில் அப்படியே போட்டு மென்றார்கள். நீ உற்சாகத்தில் ஒரு கதை சொன்னாய். "தோட்டத்துச் சனம் நெத்தலிய மீன் குஞ்சு எண்டு நினைக்குது. பிள்ளையளத் தின்னுறம் எண்டு பாவம் பாக்கிறதுகளும் இருக்கு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரிக்க முயன்றாள். அப்போதுதான் அவள் சோற்றுக் கோப்பையின் ஓரத்தைக் கவனித்தேன். பேசாமல் இரு என்று நீ சொன்னபடி அவள் வாய் பேசவே இல்லை, விரல்கள் பேசிவிட்டன. பொரித்த பச்சை மீனை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, தலைகளை ஓரமாகக் குவித்து வைத்திருந்தாள். அவளுக்கே தெரியாது.

உன் மாமியார் நல்ல மனுசி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. "இது பச்சை மீன்தானே அக்கா, தலையோட சாப்பிடலாம். எங்கட வீட்டில முந்தி வேலைக்கு நிண்ட தோட்டத்துப் பெட்டையும் இப்பிடித்தான் தலை கிள்ளும், எவ்வளவு சொல்லியும் விடேல்ல" என்றார். அவ்வளவுதான். மேசையில் யாரும் வேறு ஒன்றும் நினைக்கவில்லை. நீ நினைத்தாய். உன் காது அத்தனை கூர்மை. பாரை எதுவும் வராமலே நீ உருண்டைக்குள் ஓடினாய். "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி மாமி. என்ன செய்யிறா எண்டு அவவுக்கே விளங்கிறேல்ல" என்றாய். அம்மாவுக்கு "அவ" என்று பெயர் வைத்தாய். தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாய், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். அவள் முதலில் தன் கோப்பையைக் குனிந்து பார்த்தாள், அந்தத் தலைக் குவியலைக் கண்டாள். விளங்கிக்கொண்டாள். உன்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தத் தம்பி யாருங்க?" என்று கேட்டாள். உன் மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "பாவம்" என்று சொல்லிக்கொண்டு, அவரே நெத்தலிக்குத் தலை கிள்ளி ஒவ்வொன்றாக அம்மாவின் கோப்பையில் வைத்தார். அம்மா குழந்தை மாதிரி வாங்கிச் சாப்பிட்டாள். உன் கதை தப்பிவிட்டது. நீ இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாய்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். தம்புள்ளையில் பஸ் மாறினோம். நாலந்தா தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் நல்லா செஞ்சேனாங்க?" என்று கேட்டாள். நல்லா செஞ்ச என்று சொன்னேன். "புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்றாள். ஒன்றும் ஆகாது என்றேன். பிறகு வெகுதூரம் வந்த பின்னால், "அவனுக்கு அடையாளம் தெரிஞ்சுதானே சொன்னான்" என்றாள். மாத்தளை வரும்வரை சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும், படித்தவன்தானே. உன் அம்மாவுக்கு நோய் ஒன்றும் இல்லை. நேற்றுக்கூடக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்காரன் நிறையைக் குறைத்துச் சொன்னதைப் பிடித்துச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். நீ பிறந்த கிழமை, நட்சத்திரம், உனக்கு அம்மை போட்ட வருடம், எதைக் கேட்டாலும் சொல்வாள். உன் போன் வந்தால் அவள்தான் முதலில் ஓடிவந்து எடுக்கிறாள். கையைத் துடைத்துவிட்டு, காதில் அழுத்தி வைத்து, நீ பேசுவது முழுவதையும் கேட்கிறாள். நீ சாப்பிட்டாயா, தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறதா என்பது உன் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "யாரு பேசுறது?" என்று கேட்டுவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். போன ஞாயிறு நீ, நான் வாய் வச்சது பலிச்சிருச்சா என்று கதறினாயே, அதையும் பக்கத்தில் நின்று கேட்டாள். "அழுவுறானா?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். "அழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுளகை எடுத்தாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை அழுதால் பால் காய்ச்ச ஓடுகிறவள்.

நீ எத்தனை நாள் பயந்தாயோ, அத்தனை நாளும் எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்க மாட்டேன். முதல் தடவையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாய்க்குப் பிள்ளையைத் தெரியாமல் போனால் எப்படி இருக்கும் என்று நீ கொஞ்சம் ருசி பார்க்கட்டும் என்று விட்டேன். அதற்காக வருத்தப்படவும் இல்லை. நீ உன் தாய்க்கு அதை விருந்து மேசையில் பரிமாறினாய், நான் உனக்குப் போனில் அனுப்பினேன், கணக்கு நேர்.

புத்திமதி சொல்லாமல் முடித்தால் குறையாக இருக்கும், ஆகவே ஒன்று சொல்கிறேன். நீ கட்டப்போகிற பெண் நல்ல பெண் மாதிரித் தெரிந்தது. நாங்கள் புறப்படும்போது வாசல்வரை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் கறுத்துக் காய்த்துப் போயிருந்த கொழுந்துக் கறையைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடைக்கார முதலாளியம்மாவுக்கு அந்தக் கறை எப்படி வந்தது என்று அவளுக்குத் தோன்றாமல் இருக்காது. அவள் இன்றைக்கும் உன்னிடம் கேட்காமல் இருந்தால், நீ சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். எந்தச் சபையிலாவது, யாருக்கோ பயந்து, இவருக்குக் கொஞ்சம் மறதி என்று உன்னைக் கை காட்டும். அப்போது உன் அம்மா செய்த மாதிரிச் செய்ய உன்னால் முடியாது. உனக்கு அந்தளவு அன்பும் கிடையாது, நடிப்பும் வராது.

கல்யாணத்துக்கு நாங்கள் வருகிறோம். லயத்து ஆட்களும் வருகிறார்கள், வேனுக்குச் சொல்லியாகிவிட்டது. வாசனைச் சரக்குக் கடையில் வேலை செய்கிறவர்கள் என்று அவர்களைச் சொல்வாயோ, வேறென்ன சொல்வாயோ, அது உன் பாடு. அம்மா புதுச் சேலை எடுத்துவிட்டாள், மயில் கழுத்து நிறம், உனக்குப் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும்.

இதை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். மாமியாரைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும், அந்தம்மா நல்லவங்க, கடுமையா எழுதிறாதீங்க என்றாள். கடைசியில் உன்னிடம் ஒரு விசயம் கேட்டு எழுதச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, என்ன கறி வைக்க என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"கல்யாணத்தன்னைக்கி நான் அவனத் தெரிஞ்ச மாதிரி இருக்கணுமா, தெரியாத மாதிரி இருக்கணுமான்னு முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க. தெரியாத மாதிரின்னா நான் இன்னும் கொஞ்சம் பழகணும்."

இப்படிக்கு,
உன் அப்பா